விட்டம் மாறும் குழாயில் நீராவியும் நீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்லர் ஆபரேட்டர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்கள், டிப்ளமோ மாணவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

பக்கம் முழுக்க ஒரே உதாரணம்தான் வரும். சாயப்பட்டறை ஒன்றில் 7 பார் கேஜ் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் சுமார் 8 பார் முழு அழுத்தத்தில், நீராவி ஓடுகிறது. ஒரு ஸ்டீம் டிராப், அதாவது நீராவியைப் பிடித்து வைத்துக்கொண்டு நீரை மட்டும் விடும் வால்வு, மணிக்கு 500 கிலோ கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து உண்டான வெந்நீரை) வெளியே விடுகிறது. அது திறந்த தொட்டிக்குத் திரும்புகிறது, அங்கே 1 பார் முழு அழுத்தம். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இருநிலைப் பாய்வுன்னா என்னங்க? தண்ணியும் காத்தும் கலந்து போறதா?

அதுவும் ஒரு வகை. ஒரே குழாயில் திரவமும் வாயுவும் சேர்ந்து ஓடினால் அது இருநிலைப் பாய்வு. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயும் வாயுவும், ஏ.சி. குழாயில் திரவக் குளிர்பொருளும் அதன் ஆவியும், நம் பட்டறையில் வெந்நீரும் நீராவியும்.

தண்ணீரும் காற்றும் என்றால் ஒன்று மற்றொன்றாக மாறாது. நீரும் நீராவியும் அப்படியில்லை. அழுத்தம் குறையக் குறைய நீரில் ஒரு பகுதி ஆவியாகிக்கொண்டே போகும். குழாயின் தொடக்கத்தில் இருந்த கலவை முடிவில் அதே கலவையாக இருப்பதில்லை. இந்தப் பாடத்தில் வரும் சிரமத்தில் பாதிக்கு இதுதான் காரணம்.

டிராப்பில இருந்து வர்றது தண்ணிதானுங்களே, அதுக்கு எதுக்குங்க இத்தனை பெரிய குழாய்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். டிராப்புக்கு முன்னால் அது தண்ணீர்தான், 170 டிகிரி வெப்பத்தில். அந்த வெப்பத்தில் அதைத் தண்ணீராகப் பிடித்து வைத்திருப்பது 8 பார் அழுத்தம். டிராப்பைத் தாண்டி 1 பாருக்கு வந்ததும் நீர் 100 டிகிரிக்கு மேல் தண்ணீராக இருக்க முடியாது. கூடுதலாக இருக்கும் வெப்பம் ஒரு பகுதியை ஆவியாக்கிவிடும். 8 பாரில் ஒரு கிலோ நீரில் 721 கிலோஜூல், 1 பாரில் 417. மிச்சமுள்ள 304-ஐ ஆவியாதல் வெப்பமான 2258-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.134 வரும். எடையில் 13.4 சதவீதம் பிளாஷ் ஸ்டீம். இதைத்தான் உலர்வுப் பின்னம் என்கிறோம்.

எடையில் 13 சதவீதம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. 1 பாரில் ஒரு கிலோ நீராவி 1.694 கன மீட்டர் இடம் பிடிக்கும், ஒரு கிலோ நீருக்கு ஒரு லிட்டர் போதும். கணக்குப் போட்டால் கலவையின் கன அளவில் 99.6 சதவீதம் ஆவி! மணிக்கு அரை கன மீட்டராக இருந்தது 114 கன மீட்டராகிறது. தண்ணீர் என்று நினைத்து 25 மிமீ குழாயில் கணக்கிட்டால் (இங்கே குழாய் அளவுகள் எல்லாம் பெயரளவு, 25 மிமீ குழாயின் உள்விட்டம் 26.6 மிமீ) வேகம் வினாடிக்கு 0.25 மீட்டர், ரொம்ப சாவகாசம். உண்மையில் 57 மீட்டர். 50 மிமீ குழாயில் சுமார் 15 மீட்டர், 80 மிமீ குழாயில் 7-க்குக் கொஞ்சம் குறைவு.

சார், குழாய் பெருசானா அழுத்தம் குறையணும்தானே? லேப்ல மானோமீட்டர் ஏறுதே?

மானோமீட்டர் காட்டுவது சரி. குழாய் பெரிதானால் வேகம் குறைகிறது. இழந்த வேகத்தின் ஒரு பகுதி அழுத்தமாகத் திரும்பி வருகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் நெரித்தால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும், அங்கே அழுத்தம் வேகமாக மாறுகிறது. விட்டம் கூடும் இடத்தில் நடப்பது அதன் மறுபக்கம்.

ஆனால் முழுவதும் திரும்பி வராது. குறுகிய குழாயிலிருந்து பாயும் தாரை பெரிய குழாயின் சுவரை உடனே தொடுவதில்லை. மூலைகளில் சுழல்கள் உருவாகி ஆற்றலைத் தின்கின்றன. பிரான்ஸைச் சேர்ந்த போர்தா 1766-லேயே இதற்குக் கணக்குக் கொடுத்துவிட்டார்: இரண்டு வேகங்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, அடர்த்தியால் பெருக்கி, பாதியாக்கினால் இழப்பு கிடைக்கும். இன்றும் அதுதான் அடிப்படை.

அப்போ கேஜ் ஏறினா இழப்பே இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. அழுத்த மாற்றம் வேறு, அழுத்த இழப்பு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாவிட்டால் இனி வரும் எதுவுமே விளங்காது. விட்டம் கூடும் இடத்தில் அழுத்தம் ஏறினாலும் மொத்த ஆற்றல் குறைந்திருக்கும். விட்டம் குறையும் இடத்தில் அழுத்தம் மளமளவென்று இறங்கும், ஆனால் அந்த இறக்கத்தில் பெரும்பகுதி இழப்பில்லை, வேகமாக உருமாறியது மட்டுமே.

அடர்த்தியை மட்டும் மாத்திட்டு தண்ணிக்குப் போடுற அதே சூத்திரத்தைப் போட்டா வராதா சார்?

போடலாம். அதற்கு ஒருசீர்க் கலவை மாதிரி என்று பெயர். நீரும் ஆவியும் ஒரே வேகத்தில், பால் கலந்த காபி மாதிரி ஒன்றாக ஓடுவதாக வைத்துக்கொள்வது. நம் கலவைக்கு அடர்த்தி கன மீட்டருக்கு 4.4 கிலோ வரும். 25 மிமீ குழாய் திடீரென 50 மிமீ ஆகும் இடத்தில் அழுத்தம் சுமார் 2,700 பாஸ்கல் (ஒரு லட்சம் பாஸ்கல் ஒரு பார்) ஏறும் என்று விடை கிடைக்கும். வெறும் தண்ணீர் என்று கணக்கிட்டால் ஏற்றம் 12 பாஸ்கல்தான்.

ஆனால் குழாய்க்குள் அவை ஒன்றாக ஓடுவதில்லை. ஆவி நடுவில் பறக்கும், நீர் சுவரை ஒட்டிப் படலமாக ஊர்ந்து வரும். இந்த வேக வித்தியாசத்தை ஸ்லிப் என்பார்கள். ஸிவி என்ற ஆய்வாளர் 1964-இல் தந்த எளிய கணக்குப்படி, ஆவியின் வேகம் நீரின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதற்கு அடர்த்தி விகிதத்தின் கனமூலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1 பாரில் அந்த விகிதம் 1,624, கனமூலம் ஏறக்குறைய 11.75. ஆவி வினாடிக்கு 59 மீட்டர் போகும்போது நீர் 5 மீட்டர்தான் போகிறது. எடையில் 87 சதவீதம் நீர் என்பதை நினைவில் வையுங்கள். அவ்வளவு எடையும் 57 மீட்டரில் ஓடுகிறதா, 5 மீட்டரில் ஊர்கிறதா என்பதுதான் உந்தத்தைத் தீர்மானிக்கும். இரண்டும் தனித்தனி வேகத்தில் ஓடுவதாகக் கொண்டு ரோமி என்பவர் 1958-இல் தந்த பிரிந்த பாய்வுச் சமன்பாட்டில் இதைப் போட்டால் ஏற்றம் 590 பாஸ்கல். 2,700 எங்கே, 590 எங்கே!

ரெண்டுக்கும் நடுவுல நாலரை மடங்கு வித்தியாசம் இருக்கே, எதை எடுத்துக்கறது?

உண்மை பெரும்பாலும் நடுவில் இருக்கும். இவ்வளவு வேகத்தில் ஓடும் ஆவி, நீர்ப் படலத்திலிருந்து துளிகளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போகும். அந்தத் துளிகள் கிட்டத்தட்ட ஆவியின் வேகத்தில் பறக்கும். ஸிவியின் எளிய கணக்கில் இந்தத் துளிகளுக்கு இடமில்லை, ஒருசீர் மாதிரியில் எல்லா நீருமே துளி.

குழாய் அளவு தேர்ந்தெடுக்கும்போது நான் இரண்டையும் எடுப்பதில்லை, ஏற்றம் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்கிறேன். காரணம் சொல்கிறேன். அதே 25 மிமீ குழாயில் உராய்வு இழப்பை, உராய்வுக் கெழு 0.02 என்று வைத்து ஒருசீர் மாதிரியில் கணக்கிட்டால் மீட்டருக்கு 5,300 பாஸ்கல் வருகிறது. 10 மீட்டர் ஓடினால் அரை பார் போய்விட்டது. விட்டம் கூடும் இடத்தில் கிடைப்பது அதிகபட்சமாக அரை மீட்டர் குழாய்க்கு ஈடு. கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத அந்தச் சில்லறையை வரவில் எழுத வேண்டாம். இப்படி எழுதிக் குழாயைச் சிறிதாக்கிய வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன், ரொம்பச் சங்கடமாக இருக்கும்.

உராய்வுக்கு லாக்ஹார்ட்–மார்ட்டினெல்லி, பிரீடல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே, எது சரி?

எல்லாமே அளவீடுகளிலிருந்து தொகுத்த சூத்திரங்கள். எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். லாக்ஹார்ட்டும் மார்ட்டினெல்லியும் 1949-இல் வெளியிட்டது, 1.5 மிமீ முதல் 26 மிமீ வரையான குழாய்களில் காற்றோடு நீர், பென்சீன், மண்ணெண்ணெய், பலவகை எண்ணெய்கள் ஓடியபோது எடுத்த அளவுகளைக் கொண்டது. சிஷோம் 1967-இல் அதைக் கையால் போடக்கூடிய எளிய சமன்பாடாக்கினார். பிரீடல் 1979-இல் சுமார் 25,000 அளவீடுகளைத் திரட்டினார். முல்லர்-ஸ்டைன்ஹாகனும் ஹெக்கும் 1986-இல் தந்த சூத்திரம் மிகச் சுருக்கமானது, சாதாரண கால்குலேட்டர் போதும்.

நம் 25 மிமீ குழாய்க்கு, எல்லாவற்றுக்கும் அதே 0.02-ஐ வைத்துப் போட்டுப் பார்த்தேன். சிஷோம் வடிவில் மீட்டருக்கு 3,000 பாஸ்கல், ஒருசீர் மாதிரியில் 5,300, முல்லர்-ஸ்டைன்ஹாகன் – ஹெக் சூத்திரத்தில் 10,000-ஐத் தாண்டுகிறது. மூன்று மடங்குக்கு மேல் விரிசல். இந்தத் துறையில் 30 சதவீதப் பிழைக்குள் வந்தாலே நல்ல சூத்திரம் என்பார்கள். அதனால் விடையில் நான்கு தசம இடம் எழுதும் மாணவர்களிடம் முதல் இலக்கத்தை மட்டும் நம்பச் சொல்கிறேன்.

கண்டன்சேட் குழாய்க்கு நான் பெரிய விடையை எடுத்துக்கொள்வேன். விட்டம் கூடினால் உராய்வு இழப்பு அதன் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 25-லிருந்து 50-க்குப் போனால் அது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகிவிடும். எந்தச் சூத்திரம் சரி என்ற சண்டை அங்கேயே அடங்கிவிடுகிறது.

குழாய் சின்னதாகுற இடத்திலயும் இதே கதைதானா?

இல்லை, அங்கே ஒருசீர் மாதிரி ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. குறுகும் வாயில் எல்லாமே முடுக்கப்படுவதால் நீரும் ஆவியும் நன்றாகக் கலந்துவிடுகின்றன. 50-லிருந்து திடீரென 25-க்கு நம் கலவையை ஓட்டினால் அழுத்தம் சுமார் 8,800 பாஸ்கல் இறங்கும். அதில் 6,600 வேகமாக மாறியது, மீதி 2,200 உண்மையான இழப்பு.

அந்த இழப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. தனித் தண்ணீர் என்றால், குறுகிய குழாய்க்குள் நுழைந்ததும் தாரை இன்னும் கொஞ்சம் ஒடுங்கி, பிறகு விரியும். அந்த விரிவில்தான் இழப்பு. மேலே நான் போட்ட கணக்கும் அந்த ஒடுக்கம் இருப்பதாக வைத்துக்கொண்டதுதான். ஷ்மிட்டும் பிரீடலும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், இருநிலைப் பாய்வில் அந்த ஒடுக்கம் ஏற்படுவதில்லை என்றார்கள்.

இப்போது 50–25–50 என்று குழாய் நடுவில் ஒரு குறுகல் இருப்பதாக நினையுங்கள். போகும்போது 8,800 இறங்கியது, வெளியே வரும்போது அதிகபட்சம் 2,700 ஏறுகிறது. மீதி 6,100 போனது போனதுதான். சின்ன அளவில் வால்வு கிடைத்தது என்று அதை இரண்டு ரெடியூசர் (குழாயின் விட்டத்தை மாற்றும் இணைப்புத் துண்டு) போட்டுச் செருகுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

திடீர்னு மாத்தாம ரெடியூசர் போட்டு சரிவா மாத்தினா இழப்பு போயிடுமா?

குறையும், போகாது. விரியும் குழாயில் இழப்பு மிகக் குறைவாக இருக்க மொத்தக் கோணம் 7 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 50-க்கு 25 ரெடியூசரின் நீளம் 76 மிமீதான், சராசரிக் கோணமே 20 டிகிரிக்குப் பக்கம் வந்துவிடும். முந்தைய விடைகளில் சொன்ன மாதிரி, விரிவில் கிடைப்பதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ரெடியூசரில் இதைவிட முக்கியமான விஷயம், அதன் தட்டையான பக்கம் எங்கே இருக்கிறது என்பது. கிடைமட்ட நீராவிக் குழாயிலும் கண்டன்சேட் குழாயிலும் மையம் விலகிய ரெடியூசர் போட்டு, தட்டைப் பக்கத்தைக் கீழே வையுங்கள். மையமான ரெடியூசர் போட்டால் பெரிய குழாயின் அடியில் ஒரு படி மாதிரி நின்று தண்ணீரைத் தேக்கும். தேங்கிய தண்ணீரை ஆவி ஒருநாள் அள்ளி எறியும், அதுதான் வாட்டர் ஹேமர். ஒரு பட்டறையில் தினமும் காலையில் மட்டும் குழாய் இடிக்கிறது என்று கூப்பிட்டார்கள், காரணம் இந்த ஒரு ரெடியூசர்தான். இரவு முழுக்கத் தேங்கிய நீர், காலையில் வால்வு திறந்ததும் கிளம்பியது. பம்பின் உறிஞ்சு குழாயில் மட்டும் தட்டைப் பக்கம் மேலே வர வேண்டும், அங்கே தேங்கக் கூடாதது காற்று.

கேஜ் வச்சுப் பார்த்தேன், விட்டம் மாறுற இடத்துல ஒண்ணும் தெரியலையே?

தெரியாது. நம் உதாரணத்தில் ஏற்றம் 590 பாஸ்கல் என்றால் 6 சென்டிமீட்டர் நீர் உயரம். 0–10 பார் டயல் கேஜில் 1 சதவீதப் பிழை என்றாலே 10,000 பாஸ்கல். இதைப் பார்க்க வித்தியாச அழுத்தமானி வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். விரிந்த இடத்துக்கு உடனே பின்னால் வைத்தால் சுழலுக்குள் அளப்பீர்கள். இருநிலைப் பாய்வில் தாரை அடங்க அதிகத் தூரம் எடுக்கும். இடம் இருந்தால் பெரிய விட்டத்தைப் போல 20, 30 மடங்கு தள்ளி வைப்பது என் வழக்கம். அப்புறம், கேஜுக்குப் போகும் சைபன் குழாயில் தண்ணீர் நிற்கும். கேஜ் ஒரு மீட்டர் கீழே இருந்தால் 0.1 பார் கூடுதலாகக் காட்டும். அதைக் கழிக்க மறந்து டிராப்பைக் குறை சொன்னவர்கள் நிறைய.

டிராப் வாய் 15 மிமீ. அதே அளவுல பத்து மீட்டர் ஓட்டிட்டு அப்புறம் பெருசாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். 15 மிமீ குழாயில் நம் கலவையின் வேகம் 1 பார் கணக்கில் வினாடிக்கு 160 மீட்டர். தனி நீராவியில் ஒலியின் வேகம் சுமார் 470 மீட்டர், அதனால் இடைவெளி இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நீரும் வாயுவும் கலந்தால் ஒலியின் வேகம் தடாலென்று விழும். சாதாரண காற்றழுத்தத்தில் பாதிக்குப் பாதி நீரும் காற்றுக் குமிழியும் கலந்திருந்தால் அது வினாடிக்கு 20 மீட்டர் அளவுக்கே வந்துவிடும், தண்ணீரில் 1,480-ம் காற்றில் 340-ம் இருக்கும்போது! கன அளவில் ஆவி மிகுந்த நம் கலவையில் அவ்வளவு கீழே போகாது, ஆனாலும் 170-ஐத் தாண்டாது. ஆக 160 என்பது விளிம்பு.

ஒலி வேகத்தைத் தொட்டால் பாய்வு திணறி நிற்கும். தொட்டியில் அழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் கூடுதலாக ஒரு கிலோகூடப் போகாது. குழாயின் உள்ளே அழுத்தம் ஏறி டிராப்பை எதிர்த்துத் தள்ளும், டிராப்பின் திறன் குறையும், துணி காயவைக்கும் டிரம்மில் தண்ணீர் தேங்கும், துணி சரியாகக் காயாது. டிராப்பை விட்டு வந்த கையோடு குழாயைப் பெரிதாக்குங்கள். விரிவில் ஏற்படும் இழப்பு, குறுகிய குழாயில் பத்து மீட்டர் ஓடுவதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்ப சந்தேகம் வந்தா பெரிய குழாயைப் போட்டுட்டா வேலை முடிஞ்சதுங்களே?

கிடைமட்டமாக, லேசான சரிவோடு ஓடும் குழாயில் கிட்டத்தட்ட ஆமாம். செங்குத்தாக மேலே ஏறும் குழாயில் இல்லை. அங்கே ஆவிதான் நீரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாலிஸ் என்ற ஆய்வாளர் தந்த அளவுகோலைத் தோராயமாகப் போட்டால், சுவரில் உள்ள நீர்ப் படலம் கீழே வழியாமல் இருக்க 25 மிமீ குழாயில் வினாடிக்கு சுமார் 20 மீட்டர், 50 மிமீ குழாயில் சுமார் 29 மீட்டர் ஆவி வேகம் வேண்டும். விட்டம் கூடினால் தேவை கூடுகிறது, கிடைக்கும் வேகமோ குறைகிறது. நம்மிடம் 50 மிமீ குழாயில் இருப்பது 15 மீட்டர்தான். நீர் ஏறும், வழியும், கூடும், பிறகு ஒரு மொத்தையாக எகிறும். உராய்வு இழப்பைக் குறைக்கப் போய் நீர்த்தூணின் எடையை வாங்கிக்கொள்கிறோம், மீட்டருக்கு 0.1 பார் வரை.

ஏ.சி. வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். மேலே ஏறும் உறிஞ்சு குழாயை வேண்டுமென்றே ஓர் அளவு குறைத்துப் போடுவார்கள், ஆவி எண்ணெயையும் இழுத்துக்கொண்டு கம்ப்ரசருக்குத் திரும்புவதற்காக. முடிந்தால் கண்டன்சேட்டை டிராப்புக்குப் பின்னால் மேலே ஏற்றாதீர்கள். கீழே தொட்டியில் பிடித்துப் பம்பில் ஏற்றுங்கள். ஏற்றியே ஆக வேண்டும் என்றால், ஏறும் பகுதியை மட்டும் ஓர் அளவு குறைத்து, மேலே போனதும் பெரிதாக்குங்கள். அந்த இரண்டு விட்ட மாற்றங்களிலும் போவதை மனமுவந்து கொடுக்கலாம்.

எல்லாம் ஒழுங்காப் போட்டேன் சார். கணக்குல 0.33 பார், அளந்தா 0.45 பார். எங்கே தப்பு?

தப்பு உங்கள் கணக்கில் இல்லாமல் இருக்கலாம். சூத்திரங்களின் விரிசலைப் பற்றி மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் இயல்பானதே. ஆனாலும் சூத்திரத்தை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் டிராப்பைப் பாருங்கள். உள்ளே இருக்கும் வால்வு உட்கார வேண்டிய இடத்தில் சரியாக உட்காராமல், டிராப் மணிக்கு 20 கிலோ நேரடி நீராவியைக் கசியவிடுகிறது என்று வையுங்கள். எடையில் அது 4 சதவீதம். கன அளவில் 34 கன மீட்டர், அதாவது 30 சதவீதம் கூடுதல். இரண்டும் சேர்ந்து ஒருசீர் மாதிரியில் உராய்வை 35 சதவீதம் ஏற்றும். 0.33-ஐ 1.35-ஆல் பெருக்கினால் உங்கள் 0.45 வந்துவிடும்.

தொட்டியின் மேலே ஆவி போகும் குழாயைக் காலையில் இயந்திரங்கள் ஓடும்போது ஒருமுறை, நிறுத்திய பிறகு நீராவி லைன் மட்டும் திறந்திருக்கும்போது ஒருமுறை பாருங்கள். கண்டன்சேட் வராத நேரத்திலும் அது மும்முரமாகப் புகைந்தால் டிராப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.